முடிவெடுக்கும் வரிகள்: செல்பேசிச் செயலிகளுக்கு யூனிட் டெஸ்ட் எழுதக் கற்பது

2014 டிசம்பர் 29, திங்கட்கிழமை. ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் ட்விட்டர் பயன்படுத்திய பலர் திடீரெனக் கணக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுபடி உள்ளே நுழையவும் முடியவில்லை. ட்விட்டரின் கணினிகள் அன்றைய ஆண்டை 2015 என்று கணக்கிட்டிருந்தன. நிரலாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இதுதான்: தேதியை எழுத்தாக மாற்றும் வடிவக் குறியீட்டில், ஆண்டுக்குச் சிறிய ‘ஒய்’ நான்கு இட வேண்டிய இடத்தில் பெரிய ‘ஒய்’ நான்கு இடப்பட்டிருந்தது. பெரிய எழுத்து வாரக் கணக்கின்படியான ஆண்டைக் குறிக்கும். ஐஎஸ்ஓ முறையில் ஒரு வாரத்தின் வியாழக்கிழமை எந்த ஆண்டில் விழுகிறதோ, அந்த வாரம் முழுவதும் அந்த ஆண்டுக்கே சொந்தம். அந்த வாரத்தின் வியாழன் 2015 ஜனவரி 1. ஆகவே திங்கட்கிழமையே புத்தாண்டு வந்துவிட்டது.

அந்த வரி ஆண்டின் பெரும்பாலான நாட்களில் சரியான விடையைத்தான் தரும். நிரலாளர் எழுதி முடித்ததும் செல்பேசியில் ஓட்டிப் பார்த்திருப்பார், ஒழுங்காகத் தெரிந்திருக்கும். சோதனைக் குழுவும் பார்த்திருக்கும். ஜூன் மாதத்தில் எத்தனை முறை பார்த்தாலும் பிழை அகப்படாது. ‘2014 டிசம்பர் 29ஐக் கொடுத்தால் 2014 என்று வர வேண்டும்’ என்று மூன்று வரியில் ஒரு யூனிட் டெஸ்ட் இருந்திருந்தால் அகப்பட்டிருக்கும். ஆனால் ஜூன் 15ஐ வைத்து எழுதிய டெஸ்ட் அந்த வரியைப் பச்சை விளக்கோடு தாண்டிப்போயிருக்கும். டெஸ்ட் எழுதுவதன் பலமும் எல்லையும் இந்த ஒரு நிகழ்வுக்குள் இருக்கின்றன.

நிரலின் சிறு பகுதி ஒன்றுக்கு ஓர் உள்ளீட்டைக் கொடுத்து, வர வேண்டிய விடையை நாமே முன்கூட்டி எழுதிவைத்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று கணினியைப் பார்க்கச் சொல்வதுதான் யூனிட் டெஸ்ட். மைக்கேல் ஃபெதர்ஸ் 2005இல் இதற்கு ஒரு கறாரான வரம்பு வகுத்தார்: தரவுத்தளத்தைத் தொட்டால், நெட்வொர்க்கில் பேசினால், கோப்புகளைத் திறந்தால் அது யூனிட் டெஸ்ட் ஆகாது. அத்தகைய டெஸ்ட்கள் கெட்டவை என்று அவர் சொல்லவில்லை. நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கில் ஓடக்கூடியவற்றோடு அவற்றைக் கலக்கக் கூடாது என்றார். இணையதள சர்வர் நிரல் எழுதுபவருக்கு இந்த வரம்பு அவ்வளவு கடினமில்லை. செல்பேசிச் செயலி எழுதுபவருக்கு மிகக் கடினம். திரை, விரல் தொடுகை, சென்சார், அனுமதிகள், பின்னணியில் செயலியைக் கொன்றுவிடும் இயங்குதளம் என்று எல்லாமே வெளியுலகோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

தொடக்கநிலை நிரலாளர் பலர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். ‘டெஸ்ட் எழுதுவது எப்படி’ என்று தேடுகிறார்கள். கிடைக்கும் பாடம் இரண்டு எண்களைக் கூட்டும் ஃபங்ஷனை டெஸ்ட் செய்து காட்டுகிறது. தங்கள் செயலியைத் திறந்து பார்த்தால் கூட்டல் ஃபங்ஷன் எதுவுமில்லை. ஆயிரம் வரி நீளமுள்ள ஒரு திரைதான் இருக்கிறது. கருவியின் இலக்கணம் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு கற்க வேண்டியது ஒன்றே ஒன்று என்பது என் துணிபு: செயலிக்குள் முடிவெடுக்கும் வரிகள் எவை, கருவியோடு பேசும் வரிகள் எவை என்று பிரித்தறிந்து, பிரித்தே எழுதுவது. மற்ற விவாதங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

தாமதமாக வந்த வசதி

1997இல் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சேர்ந்து ஜாவாவுக்காக ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியின் முதல் வடிவத்தை எழுதினார்கள். ஸ்மால்டாக் மொழிக்கு பெக் முன்பே செய்திருந்த எஸ்யூனிட் அதற்கு முன்மாதிரி. 2008இல் ஆண்ட்ராய்டு செல்பேசி கடைக்கு வந்தபோது ஜேயூனிட் பத்து வயதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஆண்ட்ராய்டு நிரலாளருக்கு அதன் முழுப் பயன் கிடைக்கவில்லை. கணினியில் நிரலைத் தொகுக்கத் தரப்படும் ஆண்ட்ராய்டு ஜார் கோப்பில் ஃபங்ஷன்களின் பெயர்கள் மட்டுமே உண்டு, உள்ளே ஒன்றும் கிடையாது. எதைக் கூப்பிட்டாலும் ‘ஸ்டப்!’ என்ற பிழையை வீசும். எனவே டெஸ்டை எமுலேட்டரிலோ செல்பேசியிலோதான் ஓட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்து எமுலேட்டர் எழுந்து நிற்கவே பல நிமிடங்கள் பிடித்தது. ஒரு வரி மாற்றத்துக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க யாருக்கும் மனம் வராது.

2010இல் பிவோட்டல் லேப்ஸிலிருந்து வந்த ரோபோலெக்ட்ரிக் அந்த வெற்று ஃபங்ஷன்களுக்குள் போலியான உடலைப் பொருத்தி, மடிக்கணினியிலேயே ஓட வழி செய்தது. கூகுளின் ஆண்ட்ராய்டு கிரேடில் செருகி, கணினியில் ஓடும் டெஸ்ட்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2015இல்தான். அந்த ஆண்டு சிங்கப்பூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எஃப்-டிராய்டு களஞ்சியத்தின் 600க்கு மேற்பட்ட திறமூலச் செயலிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு வருத்தம் தருவது: ஏறத்தாழ 14 விழுக்காட்டில் மட்டுமே டெஸ்ட் என்று ஏதாவது இருந்தது. இதை நிரலாளர்களின் சோம்பலாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. வசதியே முழுதாக வந்து சேராத காலத்தில் பழக்கம் எப்படி வரும்?

ஆப்பிள் பக்கக் கதை இவ்வளவு கரடுமுரடானது அல்ல. ஓசியூனிட் 2005இலேயே எக்ஸ்கோடுக்குள் வந்தது. 2013இல் எக்ஸ்கோடு 5உடன் எக்ஸ்சிடெஸ்ட், 2015இல் திரைச் சோதனைக் கருவி, 2024இல் எக்ஸ்கோடு 16உடன் ஸ்விஃப்ட் டெஸ்டிங் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இரண்டு இயங்குதளங்களுக்கும் ஒரே நிரல் எழுத உதவும் ஃபிளட்டர் இன்னும் பின்னால் வந்ததால் பிறர் பட்ட பாட்டிலிருந்து பாடம் படித்திருக்கிறது. அதில் திரையின் ஒரு துண்டைக்கூட எமுலேட்டர் இல்லாமல் டெஸ்ட் செய்யலாம்.

இரண்டு கோப்புறைகள்

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கினால் கேட்காமலே இரண்டு டெஸ்ட் கோப்புறைகள் வந்துவிடும். ‘டெஸ்ட்’ என்பதற்குள் இரண்டும் இரண்டும் நான்கு என்று சரிபார்க்கும் மாதிரி இருக்கும். ‘ஆண்ட்ராய்டுடெஸ்ட்’ என்பதற்குள் செயலியின் பேக்கேஜ் பெயரைச் சரிபார்க்கும் மாதிரி இருக்கும். முதலாவது மடிக்கணினியில் ஓடும். இரண்டாவதற்குச் செல்பேசியோ எமுலேட்டரோ வேண்டும். இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஆளில்லாததால், எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடக்கத்திலேயே தடுமாறுபவர்கள் ஏராளம். முதல் சில வாரங்களுக்கு இரண்டாவது கோப்புறையைத் திறக்கவே வேண்டாம் என்பேன்.

முதலாவதில் வைத்தாலும் ஒரு தடை வரும். டெஸ்ட் செய்ய நினைத்த கிளாஸுக்குள் எங்கோ ஒரு லாக் வரி இருக்கும். டெஸ்ட் அந்த வரியில் இடறி, இந்த ஃபங்ஷன் மாக் செய்யப்படவில்லை, அதாவது இதற்குப் போலி வைக்கப்படவில்லை, என்று பிழை காட்டும். தேடினால், கிரேடில் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும், எல்லா வெற்று ஃபங்ஷன்களும் இயல்பு மதிப்பைத் திருப்பித் தரும் என்று விடை கிடைக்கும். சேர்த்ததும் பிழை மறையும். கூடவே ஆபத்தும் நுழையும். ஒரு சொற்றொடர் வெறுமையானதா என்று கேட்கும் ஆண்ட்ராய்டின் டெக்ஸ்ட்யூட்டில்ஸ் ஃபங்ஷன், அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் ‘இல்லை’ என்றே சொல்லும், வெறும் சொற்றொடரைக் கொடுத்தாலும்கூட. பெயரை நிரப்பாமல் படிவத்தை அனுப்ப முடிகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பொய்யான உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒற்றை வரித் தீர்வை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிழை வந்த இடம் ஒரு தகவல் தருகிறது: முடிவெடுக்கும் நிரலுக்குள் ஆண்ட்ராய்டு கலந்திருக்கிறது. கோட்லினில் சொற்றொடர் வெறுமையா என்று பார்க்க ஆண்ட்ராய்டு தேவையே இல்லை. மொழியிலேயே வசதி உண்டு. லாக்கையும் ஓர் இன்டர்ஃபேஸுக்குப் பின்னால் தள்ளிவிடலாம்.

ஐஓஎஸ் பக்கம் இதே சிக்கல் வேறு உருவில் வரும். யூனிட் டெஸ்ட் ஓட்டினால் இயல்பாக சிமுலேட்டரில் செயலி முழுவதும் திறந்து, அதற்குள்தான் டெஸ்ட் ஓடும். செயலி தொடங்கும்போது செய்யும் நெட்வொர்க் அழைப்புகளும் சேர்ந்தே நடக்கும். கணக்கு, விதி சார்ந்த நிரலைத் தனி ஸ்விஃப்ட் பேக்கேஜாகப் பிரித்துவிட்டால் சிமுலேட்டர் இல்லாமல் மேக் கணினியிலேயே நொடியில் ஓடும்.

பிரிப்பது எப்படி

வீட்டுக்கு மளிகை கொண்டுவரும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். 500 ரூபாயும் அதற்கு மேலும் வாங்கினால் டெலிவரிக் கட்டணம் இல்லை. குறைந்தால் 40 ரூபாய். இரவு 10 மணிக்கு மேல் ஆர்டர் ஏற்பதில்லை. தொடக்கநிலையில் இந்த விதி பெரும்பாலும் பொத்தானை அழுத்தியதும் ஓடும் ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்கும். கூடையின் தொகையைத் திரையிலுள்ள எழுத்திலிருந்து எடுத்து, எண்ணாக மாற்றி, செல்பேசியின் கடிகாரத்தைக் கேட்டு, ஒப்பிட்டு, விடையை மறுபடி திரையில் எழுதும். இருபது வரிக்குள் ஐந்து வேலை. இதை டெஸ்ட் செய்யத் திரை வேண்டும், விரல் வேண்டும், இரவு 10 மணி வரை காத்திருக்கவும் வேண்டும்.

அதில் முடிவெடுக்கும் வரிகள் நான்கைந்துதான். தொகையையும் நேரத்தையும் உள்ளீடாக வாங்கி, கட்டணத்தை விடையாகத் தரும் தனி ஃபங்ஷனாக அவற்றை வெளியே எடுத்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. 499, 500, 501 ரூபாய்க்கு ஒவ்வொரு டெஸ்ட். விதியில் ‘அதற்கு மேல்’ என்று மட்டும் நினைத்து எழுதியவர் 500இல் மாட்டிக்கொள்வார். எல்லைக் கோட்டின் இரு புறமும் கோட்டின் மேலும் நின்று பார்ப்பது டெஸ்ட் எழுதுபவருக்குப் பழகிப்போன இயல்பாக வேண்டும். கூடை காலியாக இருந்தால்? தள்ளுபடி கழித்த பிறகு தொகை 500க்குக் கீழே போனால் கட்டணம் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை நிரலில் இருக்காது. கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். டெஸ்ட் எழுத உட்கார்ந்ததால் எழுந்த இந்தக் கேள்வி, எந்தக் கருவி தரும் பயனையும் விடப் பெரியது. தொகையை மிதவைப் புள்ளி எண்ணாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும்: கணினியில் 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வராது. பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வைப்பதே நல்லது என்பதையும் டெஸ்ட்தான் பலருக்குக் கற்றுத்தருகிறது.

ஒவ்வொரு டெஸ்ட்டையும் மூன்று பகுதியாக எழுதும் பழக்கம் உண்டு: தேவையானதை அமைப்பது, செயலைச் செய்வது, விடையைச் சரிபார்ப்பது. 2001இல் பில் வேக் இதற்குப் பெயரிட்டார். பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ‘டெஸ்ட்1’, ‘டெஸ்ட்2’ என்று வைத்தால், உடையும் நாளில் எது உடைந்தது என்று தெரியாது. கோட்லினில் பின்சாய்வு மேற்கோளுக்குள் இடைவெளியோடு முழு வாக்கியத்தையே ஃபங்ஷன் பெயராக வைக்கலாம், தமிழிலும் வைக்கலாம். ‘சரியாக 500 ரூபாய்க்கு வாங்கினால் கட்டணம் இல்லை’ என்று ஒரு டெஸ்டுக்குப் பெயர் இருந்தால், நிரல் தெரியாத கடை மேலாளரும் படித்துச் சரி சொல்லலாம். செல்பேசியில் ஓடும் டெஸ்ட்களுக்கு மட்டும் இடைவெளியுள்ள பெயர்கள் ஆண்ட்ராய்டு 11க்கு முந்தைய பதிப்புகளில் ஏற்கப்படுவதில்லை. ஸ்விஃப்ட் டெஸ்டிங்கில் காட்சிப் பெயராக எதையும் எழுதலாம்.

நேரம் தனிச் சிக்கல். நிரலுக்குள் நேரடியாக ‘இப்போது மணி என்ன’ என்று கேட்டால் டெஸ்ட் ஓடும் நேரத்தைப் பொறுத்து விடை மாறும். கடிகாரத்தையும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். டெஸ்டில் 9:59இலோ 10:00இலோ நின்றுபோன கடிகாரத்தைக் கொடுக்கலாம். நம் ஊர் நிரலாளர்கள் அடிக்கடி சந்திக்கும் கோளாறு ஒன்று: மடிக்கணினியில் பச்சையாக ஓடும் டெஸ்ட், தானியங்கித் தொகுப்பு சர்வரில் சிவப்பாகிறது. அந்த சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை இங்கே இன்று, அங்கே நேற்று. ‘இன்றைய ஆர்டர்கள்’ என்று பட்டியலிடும் நிரல் அந்த நேரத்தில் எந்த நாளைக் காட்டும்? நேர வலயத்தைத் தெளிவாகக் குறிப்பிடாத நிரலைக் கையால் சோதித்துப் பிடிப்பது மிக அரிது.

தமிழ் எழுத்துகளே நல்ல பாடநூல்

தமிழில் செயலி செய்பவர்களுக்கு, டெஸ்ட் கற்க ஆங்கிலத்தில் மட்டும் செய்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு களம் இருக்கிறது. பயனர் பெயர் மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாது, பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. ஸ்விஃப்டின் எண்ணிக்கையும் மூன்று. கோட்லினும் ஜாவாவும் ஐந்து என்று சொல்லும். ‘மி’யில் கொக்கியும் ‘ழ்’இல் புள்ளியும் அவற்றுக்குத் தனித்தனிக் குறிகள். ஒரே நிறுவனத்தின் ஐஓஎஸ் செயலியில் ஏற்கப்படும் பெயர் ஆண்ட்ராய்டில் நீளம் என்று மறுக்கப்படும். முன்னோட்டத்துக்காக முதல் நான்கு குறிகளை மட்டும் வெட்டிக் காட்டினால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்று நிற்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்து எழுதிய டெஸ்ட்கள் இது எதையும் காணாது.

இதைவிட நுட்பமானது ஒகர உயிர்மெய். ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம்; ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரமும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஸ்விஃப்ட் ஒப்பிடும்போது சமம் என்கிறது. கோட்லின் சமமில்லை என்கிறது. அதனால் ஆண்ட்ராய்டுச் செயலியில் ‘கொத்தமல்லி’ என்று தேடுபவருக்கு, கடை பட்டியலில் இருக்கும் கொத்தமல்லி அகப்படாமல் போகலாம். தேடுவதற்கு முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஜாவாவிலேயே வசதி இருக்கிறது. அது செய்யப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்ய, இரண்டு வடிவத்திலும் எழுதிய ஒரே சொல்லை ஒப்பிடும் ஒரு சிறு டெஸ்ட் போதும். கையால் தட்டச்சு செய்து சோதிப்பவர் இதைக் காணவே முடியாது. அவருடைய விசைப்பலகை எப்போதும் ஏதாவது ஒரு வடிவத்தைத்தான் தரும். கூட்டல் ஃபங்ஷனை விட்டுவிட்டு இதிலிருந்து முதல் பாடத்தைத் தொடங்கினால், டெஸ்ட் எதற்கு என்ற கேள்வியே மாணவருக்கு எழாது.

போலிகள்

பிரித்தபின் எஞ்சும் கேள்வி: சர்வரோடும் தரவுத்தளத்தோடும் பேசும் பகுதியை என்ன செய்வது? டெஸ்டில் அவற்றுக்குப் பதிலாகப் போலிகளை வைக்கிறோம். ஜெரார்ட் மெசாரோஸ் 2007இல் வெளியிட்ட நூலில் இவற்றை ஐந்து வகையாகப் பிரித்தார்: டம்மி, ஸ்டப், ஸ்பை, மாக், ஃபேக். அன்றாட வேலையில் முக்கியமான முரண் கடைசி இரண்டுக்கும் இடையில்தான். மாக் என்பது இந்த ஃபங்ஷன் இத்தனை முறை இப்படி அழைக்கப்பட்டதா என்று கண்காணிப்பது. ஃபேக் என்பது உண்மைப் பொருளின் எளிய மாற்று. தரவுத்தளத்துக்குப் பதிலாக நினைவகத்தில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, சேமி என்றால் சேமித்து, கொடு என்றால் கொடுக்கும்.

மாக்கிட்டோ, மாக்கே போன்ற லைப்ரரிகளில் ஒரு வரியில் மாக் உருவாக்கிவிடலாம் என்பதால் தொடக்கநிலையினர் அங்கே ஈர்க்கப்படுகிறார்கள். சில மாதங்களில் டெஸ்ட்கள் எல்லாம் நிரலின் உள்ளமைப்பை அப்படியே ஒப்பிக்கும் நகல்களாகிவிடும். விடை மாறாமல் உள்ளே ஒரு வரியை இடம் மாற்றினாலும் பத்து டெஸ்ட் சிவப்பாகும். வெறுத்துப்போய் அவற்றை அழித்துவிடுவார்கள். மார்ட்டின் ஃபௌலர் இந்த இரு மரபுகளையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. அவர் இரு தரப்புக்கும் இடம் தருகிறார். தொடக்கநிலையினரைப் பொறுத்தவரை நான் ஃபேக் பக்கம் நிற்கிறேன். கூகுள் தன் முன்மாதிரியாக வெளியிட்டிருக்கும் ‘நௌ இன் ஆண்ட்ராய்டு’ செயலியும் மாக் லைப்ரரி எதையும் பயன்படுத்துவதில்லை. ஃபேக் ஒன்றைக் கையால் எழுதும்போது, எந்த இன்டர்ஃபேஸ் தேவைக்கு மேல் பருத்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். பன்னிரண்டு ஃபங்ஷன்களுக்குப் போலி எழுத வேண்டி வந்தால் அந்த இன்டர்ஃபேஸ் நான்காகப் பிரிய வேண்டியது. மாக் லைப்ரரி அந்த வலியை மறைத்துவிடுகிறது.

பின்னணியில் ஓடும் வேலைகளுக்குக் கோட்லின் கோரூட்டீன் பயன்படுத்துபவர்கள் முதல் டெஸ்டிலேயே மெயின் டிஸ்பேச்சர் இல்லை என்ற பிழையைச் சந்திப்பார்கள். மடிக்கணினியில் ஆண்ட்ராய்டின் முதன்மைத் திரெட் கிடையாது என்பதுதான் காரணம். கோரூட்டீன் டெஸ்ட் லைப்ரரி தரும் டிஸ்பேச்சரை அதன் இடத்தில் வைத்துவிட்டால் தீரும். அதே லைப்ரரியின் ரன்டெஸ்ட், நேரத்தை மெய்யாகக் கழிக்காமல் தாவிச் செல்கிறது. மூன்று நொடி காத்திருந்து மறுமுயற்சி செய்யும் நிரலைக் கண்சிமிட்டும் நேரத்தில் சோதிக்கலாம்.

முன்னதா, பின்னதா; எவ்வளவு

டெஸ்டை முதலில் எழுதி, அது தோற்பதைப் பார்த்து, பிறகு நிரலை எழுதும் டிடிடி முறையைக் கென்ட் பெக் நூலாக எழுதிப் பரப்பினார். அதற்கு எதிர்ப்பும் வலுவாக இருந்தது. 2014இல் ரூபி ஆன் ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைன்மையர் ஹான்சன், டிடிடி நிரலின் வடிவத்தையே கெடுக்கிறது என்று குற்றம் சாட்ட, பெக்கும் ஃபௌலரும் அவரோடு தொடர் உரையாடல் நடத்தினார்கள். அளந்து பார்த்த ஆய்வும் உண்டு: மைக்ரோசாஃப்டின் மூன்று குழுக்களையும் ஐபிஎம்மின் ஒரு குழுவையும் ஆராய்ந்து 2008இல் வெளியானது. வெளியீட்டுக்கு முந்தைய பிழை அடர்த்தி 40 முதல் 90 விழுக்காடு வரை குறைந்தது. மேலாளர்களின் மதிப்பீட்டில் தொடக்கக் கால உழைப்பு 15 முதல் 35 விழுக்காடு வரை கூடியது. நான்கு குழுக்களை வைத்து உலகம் முழுமைக்கும் விதி செய்ய முடியாது; ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதை ஆய்வு நேர்மையாகச் சொல்கிறது. திரை எப்படி இருக்கும் என்றே இன்னும் தெரியாத நிலையில் டெஸ்டை முதலில் எழுதச் சொல்வது தொடக்கநிலையினரை முடக்கிவிடும். பிழை திருத்தும்போது மட்டும் விதிவிலக்கே கூடாது: முதலில் பிழையைப் பிடிக்கும் டெஸ்ட், பிறகுதான் திருத்தம்.

நிரலில் எத்தனை விழுக்காடு வரிகளை டெஸ்ட்கள் ஓட்டின என்று சொல்லும் கவரேஜ் எண்ணைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கவரேஜுக்கும் டெஸ்ட்களின் பிழை பிடிக்கும் திறனுக்கும் வலுவான தொடர்பு இல்லை என்று 2014இல் இனோசெம்ட்சேவாவும் ஹோம்ஸும் காட்டினார்கள். எந்த வரியும் ஓடலாம், எதையும் சரிபார்க்காமலே. எண் 10 என்றால் கவலைப்படலாம். 90 என்பதால் நிம்மதி அடைய முடியாது. அதைவிட நல்ல சோதனை கையிலேயே இருக்கிறது. டெஸ்ட் பச்சையானதும் நிரலில் ஒரு குறியை வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள். சிவப்பாகவில்லை என்றால் அந்த டெஸ்ட் எதையும் காக்கவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட மாத்திரத்தில் ஐம்பது டெஸ்ட் எழுதிக் கொடுக்கின்றன. அவை பெரும்பாலும் நிரலைப் படித்து, அது என்ன தருகிறதோ அதையே சரியான விடையாக எழுதிவைக்கும். 500இல் பிழை இருந்தால் அந்தப் பிழையும் சரி என்று உறுதிசெய்யப்படும். கற்கும் காலத்தில் எதிர்பார்க்கும் விடையையாவது மனிதர் எழுத வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

எல்லைகள்

மைக் கோன் 2009இல் வெளியிட்ட டெஸ்ட் பிரமிடில் அடித்தளமாக யூனிட் டெஸ்ட்கள், உச்சியில் சிறிதளவு திரைச் சோதனைகள். செல்பேசிக்கும் அது பொதுவாகப் பொருந்தும். ஆனால் அடித்தளம் மட்டும் இருந்தால் வீடாகாது. திரையைத் திருப்பினால் படிவத்தில் எழுதியது அழிகிறதா, நினைவகம் போதாமல் இயங்குதளம் செயலியைக் கொன்று மீட்டெடுக்கும்போது கூடை காலியாகிறதா என்பதை யூனிட் டெஸ்ட் சொல்லாது. மடிக்கணினியும் செல்பேசியும் ஒன்றல்ல என்பதற்கு நம் ரூபாயே சாட்சி. ஒரு லட்சத்தை இந்திய முறைப்படி எழுதச் சொன்னால் ஆண்ட்ராய்டின் எண் வடிவமைப்பி 1,00,000 என்று தரும். வழக்கமான ஜாவாவின் வடிவமைப்பி ஆயிரக் கணக்கில் பிரித்து 100,000 என்று தரும். இதை மடிக்கணினி டெஸ்டில் சோதிப்பவர் செல்பேசியில் நடப்பதைச் சோதிக்கவில்லை. இங்கேதான் அந்த இரண்டாவது கோப்புறைக்கு வேலை வருகிறது.

பிரிக்காததன் விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஆப்பிளின் 2014 பிப்ரவரி நிகழ்வு ஒன்று போதும். பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் ஃபங்ஷனில் ‘கோட்டு ஃபெயில்’ என்ற வரி தவறுதலாக இரண்டு முறை அடுத்தடுத்து இடம்பெற்றது. இரண்டாவது வரிக்கு நிபந்தனை எதுவும் இல்லை. அதன்பின் நடக்க வேண்டிய கையொப்பச் சரிபார்ப்பு ஒருபோதும் நடக்கவில்லை. ஐபோன்கள் போலிச் சர்வரையும் நம்பின. பிப்ரவரி 21இல் ஐஓஎஸ் 7.0.6 அவசரமாக வெளியிடப்பட்டது. கூகுளில் டெஸ்ட் பழக்கத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான மைக் பிளாண்ட், இதை யூனிட் டெஸ்டால் பிடித்திருக்க முடியும் என்று எழுதியதோடு நிற்காமல் எழுதியும் காட்டினார். அதே கணக்கு அந்தக் கோப்பில் பல இடங்களில் நகலெடுக்கப்பட்டிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். ஒரே ஃபங்ஷனாகப் பிரித்திருந்தால் டெஸ்ட் எழுதுவது எளிது. எழுதியிருந்தால் அந்த வரி வெளியே வந்திருக்காது.

வேலையில் சேரும் புதியவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், டெஸ்ட் ஒன்றுகூட இல்லாத செயலி. ஃபெதர்ஸ் 2004இல் எழுதிய நூல் இத்தகைய நிரலைப் பற்றியது. டெஸ்ட் இல்லாத நிரலே பழைய நிரல் என்று அவர் வரையறுத்தார், அது நேற்று எழுதியதாக இருந்தாலும். முழுவதையும் மாற்றி எழுத அனுமதி கேட்க வேண்டாம்; கிடைக்காது, கிடைத்தாலும் ஆபத்து. அடுத்து வரும் ஒரு புகாரை எடுத்துக்கொண்டு, அது தொடும் வரிகளை மட்டும் தனி ஃபங்ஷனாக வெளியே எடுக்கலாம். எடுக்கும் முன் அது இப்போது என்ன விடை தருகிறதோ அதை அப்படியே ஒரு டெஸ்டில் பதிந்துகொள்ள வேண்டும். இடம் மாற்றும்போது வேறெதுவும் உடையவில்லை என்று அது சொல்லும். பிறகு புகாரைப் பிடிக்கும் டெஸ்ட், பிறகு திருத்தம். டெஸ்டின் பெயரில் புகார் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த விசித்திரமான நிபந்தனை வரியை அழிக்க நினைப்பவர், அது யாருக்காக எழுதப்பட்டது என்று அங்கேயே படித்துக்கொள்வார்.